ரொட்டியும் கருக்கரிவாளும்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ரொட்டி என்பது ஓர் உணவு அல்ல. அது நோயின் அடையாளம். தெருவில் யாராவது கையில் ரொட்டிப் பொட்டலத்துடன் போனால், "வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று எதிரே வருகிறவர் கேட்காமல் விடமாட்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ரொட்டியும் நாலு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போவது அரியலூரில் இன்றைக்கும் உள்ள மரியாதை. ஆகையால், நல்ல தேகசௌக்கியத்துடன் இருக்கும் ஒரு குடும்பத்தில் ரொட்டியை அரிவதற்கென்று தனியாக ஒரு கத்தி வேண்டியிருக்கும் என்று அறுபத்திரண்டு வயது வரையில் நான் கனவிலும் நினைத்ததில்லை.

கடையில் வாங்கும் ரொட்டிக்குக் கத்தி எதற்கு? அது துண்டு துண்டாக அரிந்தே வருகிறது. அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தைச் சேர்ந்த சில்லிகாத்தி என்னும் சிற்றூரில், ஓட்டோ ரோவெடர் என்பவர் செய்த யந்திரத்தில் அரிந்த ரொட்டி 1928-ம் வருஷம் ஜூலை மாதம் 7-ந் தேதி முதன் முதலாக விற்பனைக்கு வந்தது. அந்த யந்திரத்தின் பேரன் பேத்திகள் இப்போது உலகமெங்கும் பரவிவிட்டபடியால், ரொட்டிக் கத்தி என்பதைக் கண்ணால் பார்க்காமலே நம்மில் பலர் ஆயுளைக் கழித்துவிடுகிறோம். நானும் அப்படியே கழித்திருப்பேன். என் மருமகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

மருமகள் பெங்களூரில் உத்தியோகம் பார்த்தவள். கைக்குழந்தையுடன் எங்களோடு ஒரு வருஷம் தங்குவதற்காக வந்தபோது, பெட்டி படுக்கையுடன் ஒரு மின்சார அடுப்புப் பெட்டியையும் கொண்டுவந்தாள். வந்த நாலாம் நாள் கோதுமை மாவைப் பிசைந்து புளிக்கவைத்துப் பெரிய ரொட்டி ஒன்று சுட்டாள். வாசனை தெருக்கோடி வரை போயிற்று. அடுத்த வீட்டுக்காரர் வந்து, "யாருக்குக் காய்ச்சல்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ரொட்டி பொன்னிறமாக, தட்டினால் 'டொக்' என்று சத்தம் போடும் மேலோட்டுடன் இருந்தது. அதை அரியும் பொறுப்பு இயல்பாகவே என் மனைவியிடம் வந்து சேர்ந்தது. ஏனெனில், எங்கள் வீட்டில் எதை அரிவதானாலும் அவளுடைய அரிவாள்மணையில்தான் அரிய வேண்டும். கல்யாணமான வருஷத்தில் அவளுடைய தாயார் கொடுத்தனுப்பியது அது. மணை பலாமரம், அலகு நல்ல இரும்பு, நுனியில் தேங்காய் துருவுவதற்கு வட்டமாய்ப் பல் வைத்த துருவலகு. முப்பத்தெட்டு வருஷமாக ஒரு காலை மடக்கி, ஒரு காலால் மணையை அழுத்திக்கொண்டு அவள் அதன்மேல் உட்கார்ந்தாளானால், அது மணை அல்ல, சிம்மாசனம். வாழைப்பூ, பூசணி, புடலை, பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் எல்லாம் அவள் கையில் பேசாமல் துண்டாகும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால் வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

ஆனால் ரொட்டி பணியவில்லை. அலகின்மேல் வைத்து அழுத்தியதும் மேலோடு இறங்கிற்றே தவிர அறுபடவில்லை. உள்ளே இருந்த மிருதுவான பாகம் நசுங்கிப் போயிற்று. துண்டு என்ற பெயரில் வந்து விழுந்தவை உப்புமாவுக்குத்தான் உதவின. மருமகள், "பரவாயில்லை அத்தை, ருசி ஒன்றுதானே?" என்றாள். அவள் நல்ல எண்ணத்துடன் சொன்ன அந்த வார்த்தை என் மனைவிக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுடைய அரிவாள்மணைக்கு அடங்காத பண்டம் ஒன்று அன்றைக்குத்தான் முதன் முதலாக அந்த வீட்டுக்குள் வந்திருந்தது.

இதோடு இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொண்டது. அவளுடைய முழங்கால்கள் ஒரு வருஷமாகவே வலித்துக்கொண்டிருந்தன. "தரையில் உட்காரக் கூடாது, காலை மடக்கக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளோ, "சரி, டாக்டர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நேரே மணையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினாள். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பல்லைக் கடிப்பதைப் பல நாள் பார்த்தேன். ஒரு நாள், "ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"என்னங்க, மணையை விட்டு எழுந்துவிட்டால் அப்புறம் அடுப்பங்கரையில் எனக்கு என்ன வேலை? மேடையில் நின்று கத்தியால் நறுக்க எனக்கு வராது. அவள் நறுக்கட்டும், நான் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கட்டும் என்கிறீர்களா?" என்றாள்.

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பதில் தெரியாத ஆண்பிள்ளைகள் செய்வதையே நானும் செய்தேன். கடைக்குப் போய் விலை உயர்ந்த சாமான் ஒன்றை வாங்கிவந்தேன்.

திருச்சிக்கு ஒரு காரியமாகப் போயிருந்தபோது பெரிய கடை ஒன்றில் ஏறி, "உங்களிடம் இருக்கிறதற்குள் உயர்ந்த சமையல் கத்தி எது?" என்று கேட்டேன். இப்படிக் கேட்கிறவரைக் கண்டால் எந்தக் கடைக்காரருக்குத்தான் சந்தோஷமாக இராது? வெல்வெட் வைத்த பெட்டியில் பளபளவென்று ஒரு கத்தியை எடுத்து நீட்டினார்கள். விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். "எதை வேண்டுமானாலும் வெட்டும்" என்றார்கள். அந்த வாக்கியத்தில் இருந்த ஆபத்து எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் புதிய ரொட்டி. மேஜைமேல் பலகை. என் மனைவி நின்றுகொண்டு, நான் வாங்கிவந்த கத்தியை ரொட்டியின்மேல் வைத்து அழுத்தினாள். வழவழப்பான வாய் மேலோட்டில் பிடிப்பு இல்லாமல் நழுவிற்று. அழுத்திய வேகத்தில் ஒரு புறமாகச் சாய்ந்து, ரொட்டியைப் பிடித்திருந்த இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. மூன்று தையல். முப்பத்தெட்டு வருஷம் அரிவாள்மணையில் கீறல் படாத விரல் அது.

அன்று சாயங்காலம் அவள் ஒன்றும் பேசாமல் அரிவாள்மணையைத் துடைத்து, அலகில் எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றிப் பரண்மேல் வைக்கச் சொன்னாள். கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மறுநாளும். வீட்டில் சமையல் நடந்தது. ரொட்டி மட்டும் சுடவில்லை. மருமகள் அடுப்பங்கரையில் நின்று, "அத்தை, சாம்பாருக்குப் புளி எவ்வளவு?" என்று கேட்டால், "உனக்குத் தெரியாததா, அம்மா?" என்று பதில் வரும். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திராது.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு அவளுக்குத் தெரியாமல் பரணிலிருந்து அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு, பெரம்பலூர்ச் சாலையில் ஒரு கிராமத்தில் உலை வைத்திருக்கும் கிழக் கொல்லரிடம் போனேன். அதை உயரமான மேஜையில் பொருத்திக் கொடுத்தால் நாற்காலியில் உட்கார்ந்து நறுக்கலாமே என்பது என் யோசனை.

கொல்லர் மணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அலகு அருமையான அலகு, ஐயா. மேஜையில் தரலாம், முடுக்கியும் வைக்கலாம். ஆனால் கத்தரிக்காயைப் பார்த்துச் சொல்கிறீர்களா, வேறு எதையாவது பார்த்துச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

ரொட்டிக் கதையைச் சொன்னேன். விரல் கதையையும் சொன்னேன். கிழவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய அரிவாளை எடுத்து என் கையில் கொடுத்தார். கதிர் அறுக்கிற கருக்கரிவாள் அது. பிறை போல் வளைந்த அலகின் உள்வாய் முழுவதும் நெருக்கமாகச் சிறு சிறு பற்கள்.

"நெல் தாள் எப்படி இருக்கும்? மேலே கெட்டி, உள்ளே குழல். மொட்டை வாயை வைத்து அழுத்தினால் மடங்கும், நழுவும், வேரோடு பிடுங்கிக்கொண்டும் வரும். பல் இருந்தால் முதலில் பிடிக்கும். அப்புறம் இழுத்தால் அறுக்கும். உங்கள் ரொட்டியும் மேலே கெட்டி, உள்ளே பஞ்சு என்கிறீர்கள். அதற்கும் இந்த வாய்தான் வேண்டும். அழுத்தக் கூடாது, ஐயா, இழுக்க வேண்டும்" என்றார்.

நான் பிரமித்துப் போனேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கு இந்தச் சின்ன விஷயம் புலப்படவில்லை. நெல் தாளில் மணற்சத்து மிகுதி என்றும், அதனால்தான் மொட்டையான வாய் அதில் சீக்கிரம் மழுங்கிவிடுகிறது என்றும் புத்தகத்தில் படித்தவன்தான் நான். ஆயினும், படித்ததும் ரொட்டியும் என் மூளையில் தனித்தனி அறைகளில் குடியிருந்தன.

கொல்லர் இன்னொன்றும் காட்டினார். அரிவாளின் ஒரு முகத்தில்தான் உளியால் கருக்கு வெட்டியிருந்தது. மறு முகம் வழவழவென்று தீட்டப்பட்டிருந்தது. பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்திருந்தன. ஆகையால் தன் பக்கம் இழுக்கும்போதுதான் வெட்டும். "பல்லின் நுனிதான் அடி வாங்கும். நுனிக்கும் நுனிக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்து வாய் பதவிசாய்ப் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் கருக்கரிவாள் நாள்பட உழைக்கும்" என்றார். "இப்போது அறுப்புக்கு யந்திரம் வந்துவிட்டது. வருஷத்துக்குப் பத்து அரிவாள் கேட்டு வந்தால் பெரிது. புல் அறுக்கிறவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான்."

"நீரே ஒரு ரொட்டிக் கத்தி அடித்துக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அடிக்கலாம். ஆனால் என் இரும்பு துருப் பிடிக்கும். உங்கள் வீட்டில் அன்றாடம் துடைத்து எண்ணெய் போட வேண்டும். கடையில் துருப்பிடிக்காத உருக்கில் குறைந்த விலைக்கே கிடைக்கும். வாயைப் பார்த்து வாங்குங்கள், பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள்" என்றார். தம் வியாபாரத்தைத் தாமே வேண்டாமென்று சொல்லும் மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அரிவாள்மணையைத் தீட்டிக் கொடுத்ததற்கு மாத்திரம் கூலி வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கண்ட இடமெல்லாம் பல்லாகத் தெரிந்தது. சாலையோரத்துப் பனைமரத்தின் மட்டையில் இரு புறமும் கருக்கு. அதிலிருந்துதான் அரிவாளின் பல்லுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது போலும். அரியலூருக்கு அருகில் வாரணவாசியில் தொல்லுயிர் எச்சங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் இந்தப் பிரதேசம் கடலடியில் கிடந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லைத்தான் இன்று நம் சிமெண்டு ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. அந்தக் காலத்துச் சுறாமீன்களின் பற்கள் இங்கே மண்ணில் கிடைத்திருக்கின்றன. சுறாக்களில் சில வகைகளுக்குப் பல்லின் ஓரமே ரம்பம் போல் இருக்கும். கெட்டியான தோலையும் மெத்தென்ற சதையையும் ஒருங்கே அறுக்க வேண்டியவனுக்குப் பல் வேண்டும் என்ற சூத்திரம் மனிதன் கண்டுபிடித்ததே அல்ல. அவ்வளவு ஏன், என் மனைவியின் அரிவாள்மணை நுனியிலேயே கெட்டித் தேங்காயைத் துருவுவதற்குப் பல் இருந்ததே! வீட்டில் முப்பத்தெட்டு வருஷம் இருந்த புத்தியைத் தேடி நான் வெல்வெட் பெட்டிக்குப் போனேன்.

அடுத்த வாரம் சின்ன வெங்காயம் வாங்குவதற்காகப் பெரம்பலூருக்குப் போனேன். அரியலூர்க்காரர்கள் பெரம்பலூருக்குப் போவதில் ஒரு வேடிக்கை உண்டு. 1995-ல் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. நாங்கள் அதில் இருந்தோம். 2001-ல் அரியலூர் தனியாகப் பிரிந்தது. 2002-ல் மறுபடியும் சேர்ந்தது. 2007-ல் மறுபடியும் பிரிந்தது. மாமியாரும் மருமகளும் அடுப்பு வைப்பது போல், பிரிவதும் சேர்வதுமாக இருந்து, இப்போது சௌக்கியமாகத் தனித்தனியே இருந்துகொண்டு, வெங்காயத்துக்கும் துணிமணிக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருகிறோம்.

கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் அரியாத முழு பன் ரொட்டிகள் நாலு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பாத்திரக்கடை ஒன்றில் ஏறினேன். "ரொட்டிக் கத்தி காட்டுங்கள், ஆனால் அறுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன்" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனிதர், பழைய அட்டை ஒன்றை விரித்துக் கொடுத்து, நாலு கத்திகளையும் எடுத்து வைத்தார். கடைக்கு வந்திருந்த இரண்டு மூன்று பேர் வெண்கலப் பானையை மறந்துவிட்டு என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

முதல் கத்தி ஆறு அங்குலம். பல் நன்றாக இருந்தது. ஆனால் நீளம் போதவில்லை. இழுத்து அறுக்க வேண்டிய கத்திக்கு ஓடுவதற்கு இடம் வேண்டும். பன்னிலேயே இரண்டு இழுப்பில் நுனி உள்ளே மாட்டிக்கொண்டது. வீட்டு ரொட்டியில் கேட்பானேன்? அலகு எட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பத்து அங்குலம் வரை இருக்கலாம். ரொட்டியின் அகலத்தைவிட இரண்டு மூன்று அங்குலமாவது அதிகம் இருக்க வேண்டும்.

இரண்டாவது கத்தியின் பற்கள் மிகவும் பொடியானவை. தடவினால் அரம் போல் இருந்தன. அது அறுக்கவில்லை, உதிர்த்தது. அட்டையெல்லாம் தூள். மூன்றாவதற்கு மரம் அறுக்கும் ரம்பம் போல் பெரிய கூர்ப்பற்கள், ரொட்டியைக் கிழித்தது. நான்காவதன் பற்கள் அலை அலையாக, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் ஏறக்குறைய ஒரு நெல்லின் நீளம் இடைவெளி விட்டு அமைந்திருந்தன. ஒரு முகம் தட்டை. மறு முகத்தில்தான் பல் தீட்டியிருந்தது. கொல்லருடைய அரிவாளின் ஜாதி! பன்னின்மேல் வைத்து, அழுத்தாமல், மெள்ள இழுத்தேன். பன் நசுங்காமல் இரண்டாகப் பிரிந்து நின்றது. சுற்றி இருந்தவர்களில் ஒருவர், "அட!" என்றார்.

பிறகு பிடியைச் சோதித்தேன். பலகையின்மேல் அலகை முழுதும் படியவைத்தால், பிடியைப் பற்றிய விரல் முட்டிகள் பலகையில் இடிக்கக் கூடாது. இடித்தால் கடைசித் துண்டு அடிவரை அறுபடாது. அலகும் பிடியும் சேருமிடத்தில் சந்து இருக்கக் கூடாது. அதில் தண்ணீர் தங்கி அழுக்கு சேரும். நுனியை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் சற்றே வளைய வேண்டும். ஓலை போல் ஆடினால் துண்டு கோணலாகப் போகும். எல்லாவற்றிலும் அந்த நான்காவது கத்தி தேறியது. விலை இருநூற்று அறுபது ரூபாய். அறுத்த பன்களை நின்றிருந்தவர்களுக்கே விநியோகம் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

இவ்வளவு மலிவாக வாங்கலாமா என்று நேயர்கள் கேட்கலாம். ரொட்டிக் கத்தியைப் பொறுத்த வரையில் மலிவே நியாயம் என்பது என் அபிப்பிராயம். மொட்டை வாய்க் கத்தியை நல்ல உருக்கில் வாங்கினால் நாமே கல்லில் தீட்டித் தீட்டி ஆயுள் முழுதும் வைத்துக்கொள்ளலாம். கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டு. பல் வைத்த கத்தியோ, வீட்டு உபயோகத்தில் பல வருஷங்கள் மழுங்காது. மழுங்கினால் சாணைக்காரரிடம் கொடுக்கக் கூடாது. சக்கரத்தில் பிடித்தால் பல் அத்தனையும் போய்விடும். மெல்லிய உருண்டை அரத்தால், பல் உள்ள முகத்தில் மட்டும், பள்ளம் பள்ளமாகத் தேய்க்க வேண்டும். அந்தப் பொறுமை எல்லோருக்கும் இராது. ஆகவே நல்ல பல்லாகப் பார்த்துச் சொற்ப விலையில் வாங்கி, உழைக்கும் வரை உழைக்கவிட்டு, பிறகு மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். துருப்பிடிக்காத உருக்கு என்றாலும் பயப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-ல் நூற்றுக்குச் சுமார் பதின்மூன்று பங்கு குரோமியம் சேர்த்து உருக்கிய அந்த உலோகத்தின் வம்சம், இப்போது பெரம்பலூர்ப் பாத்திரக்கடை வரை வந்து நன்றாகவே உழைக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். கத்தியை யாரிடமும் காட்டவில்லை. மருமகளிடம் மட்டும் ரகசியமாக, "நாளைக்கு ரொட்டி சுடு, அம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. "சரி, மாமா. ஆனால் சுட்டவுடனே அரியச் சொல்லக் கூடாது, ஆற வேண்டும்" என்றாள். சூட்டோடு அரிந்தால் உள்ளே ஆவி அடங்காமல், மாவு இறுகாமல், எவ்வளவு நல்ல கத்தியானாலும் ஈஷிக்கொள்ளும் என்பது அவள் அனுபவம். அதன் பிறகு பலமுறை நானும் கண்டறிந்தேன்.

மறுநாள் மாலை சாப்பாட்டு மேஜையில் புளியமரப் பலகையைப் போட்டேன். முதுகு சாய்ந்த நாற்காலியை இழுத்துப் போட்டேன். பலகையின்மேல் ரொட்டி, பக்கத்தில் கத்தி. என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்தாள், கத்தியைப் பார்த்ததும் விரலில் இருந்த தழும்பை அவளையும் அறியாமல் மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.

"என்னங்க, மறுபடியுமா?" என்றாள்.

"இது கத்தி அல்ல. கருக்கரிவாள். நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்றேன்.

அவள் பிறந்த ஊர் கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கம். சின்ன வயதில் தை மாதத்து அறுவடைக்குக் களத்துமேட்டில் நின்றவள். கத்தியைக் கையில் எடுத்து, கட்டை விரலைப் பல்லின் குறுக்கே மெதுவாக வைத்துப் பார்த்தாள். முகத்தில் ஏதோ பழைய ஞாபகம் வந்து போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கை விரல்களின் நுனியை உள்ளே மடக்கி ரொட்டியைப் பிடித்துக்கொண்டு, கத்தியை வைத்து இழுத்தாள். மேலோடு 'கறக்' என்று விட்டுக்கொடுத்தது. இன்னொரு இழுப்பு; மூன்றாவது இழுப்பு. ஒரு துண்டு பலகையின்மேல் சாய்ந்து விழுந்தது. கோயில் பிரசாதம் போல் ஒரே கனம், ஓரம் சிதையவில்லை, உள்ளே கண் கண்ணாகப் பஞ்சு.

ரொட்டி முடிகிற வரையில் அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. நாலு பேருக்குப் பதினெட்டுத் துண்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். காய்ச்சல் விசாரித்தவருக்கு அதுதான் பதில்.

இப்போது அந்தக் கத்திதான் தக்காளியையும் அறுக்கிறது. தோல் வழுக்கும், உள்ளே குழையும் என்ற கணக்கில் தக்காளியும் ரொட்டியின் சுற்றம்தானே? பாத்திரங்களோடு போட்டு அதைத் தேய்ப்பதில்லை; பல்லும் மழுங்கும், தேய்க்கிறவர் விரலும் அறுபடும். தனியாகக் கழுவித் துடைத்து, அட்டை உறையில் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறோம். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க் கத்தியின்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அதனிடம் வேறு வேலை கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியாதவன் நான்.

அரிவாள்மணை என்னவாயிற்று என்கிறீர்களா? பரணுக்குத் திரும்பிப் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது அடுப்பங்கரையில் பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மருமகள் தரையில் மணைமேல் உட்கார்ந்து, வாழைப்பூவை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தாள். என் மனைவி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களின்மேல் பேரக்குழந்தை.

"அழுத்தாதே, அம்மா. அலகு இருக்கிற இடத்தில் இருக்கட்டும்; நீ பூவைத் தள்ளு. அது தானே அறுக்கும். சாம்பாருக்குப் புளி எவ்வளவு போட்டாய்? அவ்வளவா? போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சத்தம் செய்யாமல் திரும்பிவந்து பத்திரிகையை எடுத்துக்கொண்டேன்.